மரத்தடிக்கு ஓர் ஆள்

வாய்க்கால் கரையில் முப்பது பெண்கள் சட்டியும் மண்வெட்டியுமாக உட்கார்ந்து பேர் கூப்பிடக் காத்திருந்தார்கள். மணி எட்டுதான், அதற்குள் வெயில் பிடரியைச் சுட ஆரம்பித்துவிட்டது. ரோஸ்லின் இரண்டரை வயது லின்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு வயது ஜெனித்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் லீவுக்கு வந்த விருந்தாளி. நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்குப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வா என்று அண்ணி ஏன் சொன்னாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பத்து நாள் லீவு அது. தஞ்சாவூர் வரை ஒரு பஸ், ஒரத்தநாட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மினி பஸ். வழியெல்லாம் லின்சி வாந்தி. அண்ணி சவரியம்மாள் நாலைந்து வருஷமாக வா என்று வாய் வார்த்தைக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. இந்த மே மாதம் மட்டும் மூன்று தடவை போன். "பிள்ளைங்கள கூட்டிட்டு வா புள்ள, கண்ணுலயே நிக்கிதுங்க" என்றாள். அதைக் கேட்டு ரோஸ்லின் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டாள்.

பணித்தளப் பொறுப்பாளர் பிரகதீஸ்வரி சின்னப் பெண், பிளஸ் டூ படித்தவள். பெரியவர்களின் பேரை வாசித்து முடித்துவிட்டுப் பிள்ளைகளை எண்ணினாள்.

"ஊர்ப் பிள்ளைங்க மூணு. இந்த ரெண்டையும் சேர்த்தா அஞ்சு. சரியா இருக்கு. சவரியம்மாக்கா, நீங்க மரத்தடிக்குப் போங்க."

சவரியம்மாள் எழுந்து புங்கமரத்தடிக்குப் போய்ச் சாக்கை விரித்தாள். ரோஸ்லினும் பின்னால் போனாள்.

"என்ன அண்ணி இது?"

"அஞ்சு வயசுக்குக் கீழ அஞ்சு பிள்ளைங்க இருந்தா, பாத்துக்க ஒரு ஆள் போடுவாங்க. மண்ணு அள்ளுறவளுக்கு உள்ள கூலிதான் அவளுக்கும்." சவரியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணுதான் இருந்துச்சு."

ரோஸ்லினுக்குச் சுருக்கென்றது. "அப்ப எம்பிள்ளைங்கள ஆசப்பட்டுக் கூப்பிடல. தலைய எண்ணுறதுக்குத்தான் கூப்பிட்டீங்க."

"ஆசையும்தான்." சவரியம்மாள் லின்சியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "கர்ப்பப்பைய எடுத்து மூணு மாசம் ஆவல ரோஸ்லின். ஆறு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாதுன்னாரு டாக்டரு. போன வாரம் ரெண்டு நாள் அள்ளினேன். ராத்திரி பூரா தையல் போட்ட எடம் பிடிச்சி இழுக்குது. வேற என்ன செய்யச் சொல்ற?"

அண்ணன் மதலைமுத்து கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் வருஷம் ஒன்றரை ஆகிறது. அங்கிருந்து வருவதெல்லாம் போன் மட்டும்தான். ரோஸ்லினுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் அப்படியே ஓடியது. அறுவடையும் கண்டுமுதலும் முடிந்து வெடித்துக் கிடக்கிற வயலைப் பார்த்துக்கொண்டு, சவரியம்மாள் ஐந்து பிள்ளைகளுக்கும் மூக்குச் சிந்திவிட்டு, புங்கங்காயை உருட்டி விளையாட்டுக் காட்டினாள். லின்சி அவளிடமே தூங்கினாள். "மகாராணியாட்டம் உக்காந்துருக்கா பாரு" என்று வாய்க்காலுக்குள்ளிருந்து ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சவரியம்மாளும் சிரித்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஓவர்சீயர் தமிழ்மாறன் மோட்டார் சைக்கிளில் வந்தார். டேப்பை இழுத்து வாய்க்காலை அளந்தார். பிறகு மரத்தடிக்கு வந்தார்.

"இந்த ரெண்டும் யார் பிள்ளைங்க? புதுசா இருக்கு."

"நாத்தனார் பிள்ளைங்க சார். லீவுக்கு வந்துருக்குதுங்க" என்றாள் சவரியம்மாள்.

"நாத்தனார் இங்க வேலை பாக்குறாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப எப்படிம்மா சேர்த்தீங்க? இங்க வேலை செய்யிற பொம்பளைங்க பிள்ளைதான் கணக்கு. அத எடுத்துட்டா மூணு. மூணு பிள்ளைக்கு ஆள் போட முடியாது." அவர் கோபப்படவில்லை. சலிப்பாகத்தான் சொன்னார். "நாளைக்கு ஆடிட்ல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க."

"ஆபரேசன் பண்ணின ஒடம்பு சார். டாக்டர் சீட்டு வச்சிருக்கேன்."

"சீட்டு இருந்தா வீட்ல படுத்து ரெஸ்ட் எடுங்க. யாரு வரச் சொன்னா உங்கள?"

பிரகதீஸ்வரி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரோஸ்லின் எழுந்தாள்.

"சார், அண்ணிக்குப் பதிலா நான் அள்ளுறேன். எனக்குக் கூலி வேணாம், அவங்க பேருலயே போட்டுக்குங்க."

"காலையில வருகைக்கு எடுத்த போட்டோவுல உள்ள முகம்தாம்மா வேலை செய்யணும். ஆள் மாத்திப் போட்டேன்னு வைங்க, அவங்க வேலை அட்டையே போயிரும்."

வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப எங்க பிள்ளைங்கள யாரு சார் பாக்குறது?"

தமிழ்மாறன் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை ரோஸ்லினிடம் வந்து நின்றது.

"இந்த அம்மா சும்மாதானே இருக்காங்க. அவங்க பிள்ளையோட சேர்த்துப் பாத்துக்கட்டும்."

மற்ற மூன்று பிள்ளைகளின் அம்மாக்களும் ரோஸ்லினை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். சவரியம்மாள் தூங்குகிற லின்சியை மெதுவாகச் சாக்கில் கிடத்தினாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து அடிவயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள்.

மண் வெட்டுகிறவள் அவள் சட்டியில் பாதிதான் போட்டாள். சவரியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி, கொட்டிவிட்டு, கரையில் ஊன்றியிருந்த மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டாள். பிறகு இறங்கினாள். ரோஸ்லின் நடைகளை எண்ணினாள். ஏழுக்கு மேல் எண்ணப் பயமாக இருந்தது.

இரண்டு மணிக்குப் பிறகு எடுக்க வேண்டிய இரண்டாவது வருகைப் படத்துக்காகப் பிரகதீஸ்வரி எல்லோரையும் கரைமேல் வரிசையாக நிறுத்தினாள். ஓவர்சீயர் இன்னும் போகவில்லை.

"வெறுஞ்சட்டியோட நிக்காதீங்க" என்றார் அவர். "வேலை நடக்குற மாதிரி தெரியணும். நெறைய மண்ணு போட்டுத் தலையில வைங்க."

சட்டிகள் நிரம்பின. சவரியம்மாளின் சட்டியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள்.

"ரோஸ்லின் அக்கா, நீங்க பிள்ளைங்களோட அந்தாண்ட போங்க. மரத்தடியும் படத்துல விழுது. ஆள் கூடுதலாத் தெரியும்" என்றாள் பிரகதீஸ்வரி.

ரோஸ்லின் லின்சியைத் தோளில் போட்டுக்கொண்டு மற்ற நாலு பேரையும் நிழலிலிருந்து ஓட்டிக்கொண்டு வெயிலில் போய் நின்றாள். பிரகதீஸ்வரி படம் எடுத்தாள். போனை உற்றுப் பார்த்தாள்.

"ஏறல. டவர் இல்ல. யாரும் அசையாதீங்க, இன்னொண்ணு எடுக்கணும்."

அவள் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கரையோடு நடந்து போனாள். முப்பது பேரும் சட்டியோடு அப்படியே நின்றார்கள்.

"அத்தை" என்று ஜெனித் கத்திக் கூப்பிட்டான்.

மூன்றாவதாக நின்ற சவரியம்மாள் இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.