காது தெரியணும்

ஊரடங்கின் முப்பத்தொன்பதாம் நாள் முதல் காதுக்காரர் எடுத்த படங்களில் முகக்கவசம் விழவில்லை. ஆட்கள் விழுந்தார்கள், அவர்கள் கையிலிருந்த பை விழுந்தது, பின்னால் சாத்திக் கிடந்த கடையின் பூட்டுகூட விழுந்தது. முகக்கவசம் மட்டும் விழவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மூக்கும் வாயும் தாடையும் பளிச்சென்று இருந்தன. முதலில் லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். பிறகு கேமராவை மாற்றினார். பிறகு தன் கண்களைக் கழுவிக்கொண்டார். மூன்றினாலும் பயனில்லை என்று தெரிந்ததும், மின்விசிறியில் வரும் கடகட சத்தத்தைப் பழகிக்கொள்வதுபோல அதையும் பழகிக்கொண்டார்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருடமாக பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கும் ஸ்டுடியோ அவருடையது. இரண்டு காதும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது விதி. வேலைக்குப் போகிறவர், வெளிநாடு போகிறவர், கல்யாணத்தைப் பதிய வந்தவர், அதே கல்யாணத்தை முறிக்க வந்தவர் என்று அந்த முக்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரிடமும் அவர் சொன்ன ஒரே வாக்கியம், "காது தெரியணும்" என்பதுதான். அதனால்தான் அந்தப் பெயர். முகத்தை மறந்துவிடுவார், காதை மறக்கவே மாட்டார். மூக்கு ஆளுக்குத் தகுந்தபடி நடிக்கும், காதுக்கு நடிக்கத் தெரியாது என்பது அவர் கட்சி. ஊர் அடங்கியதும் ஸ்டுடியோவின் ஷட்டர் இறங்கியது. ஆனால் நகர அலுவலகம் வெறிச்சோடிய தெருக்களை ஆவணமாக வைத்துக்கொள்ள நினைத்து, அவருக்கு ஒரு பாஸ் கொடுத்து, தினமும் காலையில் படம் எடுத்துத் தரச் சொன்னது. பெரிய மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்த அவருடைய தங்கையை, அவள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் உள்ளே விடவில்லை. அவள் ஸ்டுடியோவிலேயே, பாஸ்போர்ட் படத்துக்கான நீலத் திரைக்கு அடியில் பாய் போட்டுக்கொண்டாள். மாடியில் இருந்த அண்ணன் சாப்பாட்டைப் படிக்கட்டில் வைப்பார், அவள் எடுத்துக்கொள்வாள். அண்ணனும் தங்கையும் அதற்கு முன் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. நடுவில் பதினோரு படிகள் இருந்தது வசதியாக இருந்தது.

தெருவில் அவர் எடுத்த படங்களில் நகரம் தன்னை மறந்து நின்றது. காலிச் சாலைக்கு விடாமல் பச்சையும் சிவப்பும் காட்டிய சிக்னல் விழுந்தது. பால்கனியில் மனைவிக்கு முடிவெட்டிவிட்டு, அவள் கண்ணாடி கேட்டபோது கொடுக்காமல் மழுப்பிய ஆசிரியர் விழுந்தார். மளிகைக்கடைக்காரர் முகக்கவசத்துக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பார்த்தும் நாக்கை நீட்டியது வெளியே வந்தது. வங்கி மேலாளர் பல் செட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. மருந்துக்கடைப் பெண் நாள் முழுக்க, கை வேலையை நிறுத்தாமல், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்ததும் தெரிந்தது. இந்தக் கடைசிப் படத்தை மட்டும் காதுக்காரர் அலுவலகத்துக்குக் கொடுக்கவில்லை.

அலுவலகத்தில் அந்தப் படங்களை வாங்கிக்கொண்ட அதிகாரிக்கு ரெண்டு காப்பி என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் இரண்டு பிரதி கேட்பார். அவருக்காகவே காதுக்காரர் கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட்டு வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோயிருந்த, மேலே இருப்பவர்களுக்குப் பயந்த, சாதாரண மனிதர். முகக்கவசம் இல்லாமல் இவ்வளவு பேரா என்று முதலில் அபராதச் சீட்டை எடுத்தார். கேமராவின் விஷயம் புரிந்ததும் சீட்டை மேசைக்குள் வைத்துவிட்டு, நெடுநேரம் யோசித்தார்.

பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்தான் காய்ச்சல் வார்டு. அதைப் பதினான்கு வருடமாகக் கூட்டித் துடைத்த பெண்ணை எல்லோரும் மூணாம்மாடி என்றே கூப்பிட்டார்கள். கழிப்பறைக் கதவில் தொங்கும் அட்டவணையில் மணிக்கு ஒரு தரம் டிக் போட வேண்டும் என்பதால் வலது காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். துப்புரவுப் பெண்களுக்கு வாரத்துக்கு ஒரு முகக்கவசம்தான் தந்தார்கள். ஒரு வாரம் அதுவும் வரவில்லை. காதுக்காரரின் தங்கையுடையது கிழிந்து தொங்குவதைப் பார்த்து, மூணாம்மாடி தன்னுடையதைக் கழற்றி, அதன் இடது காது வாரில் ஒரு முடிச்சுப் போட்டு நீட்டினார்.

"வேணாங்க்கா, உங்களுக்கு?"

"எனக்குத் துண்டு இருக்குடி. உனக்கு மூஞ்சி சின்னது, முடிச்சு இருந்தாத்தான் நிக்கும். புடி."

அதிலிருந்து பதினோராம் நாள் மூணாம்மாடி அதே மூன்றாம் மாடியில் இறந்துபோனார். அவர் காய்ச்சல் வருவதற்கு முதல் நாளே வேலையை விட்டு நின்றுவிட்டதாக மருத்துவமனை எழுதிக்கொண்டது. இறந்துபோன பணியாளர் பட்டியலில் பெயர் ஏறவில்லை. காதும் காதும் வைத்தாற்போல எல்லாம் முடிந்தது. மகளுக்குக் கட்டிவைத்த பொட்டலமாகத்தான் அம்மாவைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். கேமராவைக் கண்டாலே நழுவிவிடுகிற பெண் என்பதால் வீட்டில் ஒரு படமும் இல்லை. இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது, அட்டையை மருத்துவமனை வாங்கிக்கொண்டுவிட்டது.

துப்புரவுப் பெண்கள் மூன்று மனு கொடுத்தார்கள். பட்டியலில் பெயர் ஏற வேண்டும், மற்றவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும், அவ்வளவுதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே ஒரு புதன்கிழமை காலை, ஆறடிக்கு ஒன்றாக மருத்துவமனைச் சாலையில் நாற்பத்திரண்டு சுண்ணாம்பு வட்டம் போட்டு, நாற்பத்தொன்றில் ஆளுக்கொருவராக நீல மேலங்கியோடு நின்றார்கள். நாற்பத்திரண்டாவது வட்டத்துக்குள் காதுக்காரரின் தங்கை அந்த முடிச்சுப் போட்ட முகக்கவசத்தை வைத்து, பறந்துவிடாமல் ஒரு கூழாங்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். ஊரடங்கில் கூடி நின்றால் வேலை நீக்கம் என்று உத்தரவு இருந்தது அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே மேலங்கி, ஒரே முகக்கவசம், யார் யாரென்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். தன் படங்களைப் பற்றி அண்ணன் தங்கையிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்திருந்தார்.

ரெண்டு காப்பி காதுக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "ஒவ்வொருத்தரா எடுங்க. சாயங்காலத்துக்குள்ள நான் ஆர்டர் போட்டாகணும். எம்மேல கோவப்படாதீங்க."

காதுக்காரர் வட்டங்களைப் பார்த்துக்கொண்டே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கையை ஆட்டிப் படத்தைக் கெடுத்துவிடலாம் என்று ஜீப்பில் வரும்போதே முடிவு செய்திருந்தார். முதல் வட்டத்துக்கு முன் போய் நின்று, கேமராவை உயர்த்தினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "காது தெரியணும்," என்றார். அந்த நாற்பத்தொரு பெண்களும் ஒரு காலத்தில் அடையாள அட்டைக்காக அவருடைய முக்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். அவர்களுக்கும் அது பழக்கம். முதல் பெண் சட்டென்று முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முதுகை நிமிர்த்தி, லென்ஸை நேராகப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டாள். அவள் அப்படி நின்றபின் அவருடைய கை ஆடுவேனா என்றது. விரல் தானாக அழுத்தியது. ஒவ்வொரு வட்டத்திலும் இதேதான் நடந்தது. முப்பதாவது வட்டத்தில் நின்ற தங்கைகூட, முறைத்துக்கொண்டே, முடியை ஒதுக்கிக்கொண்டாள். கடைசியில் ஆளில்லாத வட்டத்துக்கு முன்னாலும் நின்று, கூழாங்கல்லைப் பார்த்து, "காது தெரியணும்" என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். அதிகாரி அங்கேயே ஒரு கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மதியம் தங்கை சாப்பாட்டைத் தொடவில்லை. கீழே நின்றுகொண்டு, "நீ எதுக்குண்ணா வந்தே? அவங்க வேற யாரையாவது அனுப்பிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். அவர் படியில் உட்கார்ந்து, தன் கேமராவில் முகக்கவசம் விழுவதில்லை என்ற உண்மையைச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. நாற்பத்தொரு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டாய் என்று சொன்னாள். வட்டத்துக்குள் வைத்த முகக்கவசத்தை எடுக்கப் போனால் அங்கே கல் மட்டும்தான் கிடந்தது என்றும், கவசத்தையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் சொல்லி, நீலத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

காதுக்காரர் மாடிக்குப் போய் இரண்டாவது கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். நாற்பத்தொரு படங்களிலும் முகக்கவசம் இல்லை. நாற்பத்தொரு படங்களிலும் ஒரே முகம் இருந்தது. அகலமான நெற்றி, சற்றே முன்னால் வந்த மேல்பல், ஏதோ கேட்கப்போவதுபோல் தூக்கிய இடது புருவம். உயரமான பெண்ணின் கழுத்திலும் மூணாம்மாடி, குள்ளமான பெண்ணின் கழுத்திலும் மூணாம்மாடி. காதுகள் மட்டும் அவரவர் காதுகளாகவே இருந்தன. முப்பதாவது படத்தில், சின்ன வயதில் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் கிழிந்த மடலைப் பார்த்ததும் அவர் வாய்விட்டு அழுதார். பிறகு படியில் இறங்கி வந்து, திரைக்கு இந்தப்புறம் நின்று, "உன் காது மட்டும்தான் விழுந்திருக்கு," என்றார்.

அலுவலகத்தில் காதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ரெண்டு காப்பி அவருக்கு போன் போட்டு, "யோவ், எனக்கே காது குத்துறியா?" என்று கத்தினார். "எடுக்கிறது மட்டும்தான் சார் என் வேலை. எது விழணும்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் காதுக்காரர். அதிகாரி மருத்துவமனையின் பணியாளர் கோப்பை வரவழைத்து முகத்தை ஒப்பிட்டார். வேலையை விட்டு நின்றவர் என்று வேறொரு பதிவேட்டில் எழுதியவர்கள் இந்தக் கோப்பிலிருந்து படத்தை அகற்ற மறந்திருந்தார்கள், அது அப்படியே இருந்தது. அந்தப் பெண் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை, எந்தப் பணியாளரும் இறக்கவில்லை என்றுதான் கோப்புகள் சொல்லின. ஒரு படத்துக்கு ஓர் உத்தரவு என்பது விதி, பொழுது சாய்வதற்குள் என்பது மேலிடத்துக் கட்டளை. அவர் பெருமூச்சு விட்டு, ஒரே பெண்ணை நாற்பத்தொரு முறை வேலையிலிருந்து நீக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு காப்பி எடுத்து, ஒரே முகவரிக்கு அனுப்பிவைத்தார்.

எண்பத்திரண்டு தாள்களையும் அணைத்துக்கொண்டு மூணாம்மாடியின் மகள் ஸ்டுடியோ வாசலுக்கு வந்தாள். அவளும் தங்கையும் ஷட்டருக்கு இருபுறமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 'இம்மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளராகிய தாங்கள்' என்று ஒவ்வொரு தாளும் தொடங்கியது. தங்கை அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்தத் தாள்களை வைத்து மகள் வழக்குப் போட்டாள். வேலையில் இல்லாதவரை எப்படி நீக்கினீர்கள் என்று நீதிபதி கேட்க மூன்று மாதம் ஆனது. அதிலும் காணொளி விசாரணையின் முதல் கால்மணி நேரம் அவருடைய குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆனால் கேட்டார். மருத்துவமனை தன் கோப்பைத் திருத்திக்கொண்டது. மூணாம்மாடியின் பெயர் பட்டியலில் ஏறியது, கையுறைகள் பெட்டி பெட்டியாக வந்தன, நாற்பத்தொரு பெண்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அண்ணனும் தங்கையும் அதன்பிறகு ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பதினோரு படிகள் இல்லாமல் பேச முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பட்டியலுக்கு ஒரு படம் வேண்டுமென்றது அலுவலகம். காதுக்காரர் மகளுக்கு நாற்பத்தொன்றையும் காட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "அம்மா மூஞ்சிதான். ஆனா அம்மா இல்ல," என்றாள். அப்போதுதான் அவர் நாற்பத்திரண்டாவதை எடுத்தார். ஆளில்லாத வட்டத்தில் ஒரு பெண் நேராக நின்றுகொண்டிருந்தாள். ரெண்டு காப்பி அதை முகம் தெரியவில்லை என்று அன்றே ஒதுக்கியிருந்தார், ஏனென்றால் அந்த முப்பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு காதுக்காரர் எடுத்த படங்களில் அது ஒன்றில்தான் முகக்கவசம் விழுந்திருந்தது. இடது வாரில் முடிச்சு இருந்தது. வலது காதில் பென்சில் இருந்தது. தங்கை முடிச்சைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மகள், "இது போதும் அங்கிள். இப்பவாச்சும் அம்மாவுக்கு ஒண்ணு கெடச்சுதே," என்றாள்.

ரெண்டு காப்பி படத்தை மேலும் கீழும் பார்த்தார். "மூஞ்சியே தெரியலையேப்பா?"

"காது தெரியுதுல்ல, சார்."

அதிகாரி விதிகளைப் புரட்டினார். ஏழாவது விதி காதைச் சொன்னது. முகம் தெரிய வேண்டும் என்று தனியாக எந்த விதியும் இல்லை, அதை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு காப்பி கேட்டார். ஒன்று கோப்புக்குப் போனது. மற்றது மூன்றாம் மாடி நடையில், துப்புரவு அட்டவணைக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. டிக் போட வருகிறவர்கள் கையில் பென்சில் இல்லையென்றால் படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். போட்டு முடித்ததும் மறக்காமல் காதில் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.