ரைட்டர் அளந்த பேரல்

இந்த நரசிம்மன் கோவக்காரன்னு செய்யூர் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஆனா திருடன்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. இருவத்திரெண்டு வருசம் பட்டாளத்துல இருந்தவன் நான். அதுல பாதி நாள் துப்பாக்கி ரிப்பேர் ஷெட்டுலதான் போச்சு. என்னைப் பார்த்து, துப்பாக்கியில தில்லுமுல்லு பண்ணிட்டேன்னு நாலு பேர் முன்னாடி சொன்னான் அந்த போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்.

மறைமலைநகர்ல ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோற வண்டியில நான் கன்மேன். சொந்த லைசென்ஸ், சொந்த ரிவால்வர். துப்பாக்கி இருந்தாத்தான் வேலை. எலெக்‌ஷன் வந்ததும் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னாங்க. எனக்கு விலக்கு குடுங்கன்னு மனு போட்டேன், அது எந்த மேஜையில தூங்குதோ தெரியல. ஒப்படைச்சிட்டு ரெண்டு மாசம் வூட்ல குந்திகினு இருந்தேன். ரிசல்ட் வந்ததும் கம்பெனிக்காரன் போன் பண்ணான். நாளைக்கு ஒன்பது மணிக்குத் துப்பாக்கியோட வா, இல்லன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னான்.

"ரைட்டர் கிட்ட வாயை அடக்கிப் பேசு"ன்னு எம் பொண்டாட்டி செங்கமலம் சொல்லித்தான் அனுப்பிச்சா. அடக்கித்தான் பேசினேன். எவ்ளோ நேரம் அடக்க முடியும்?

ஸ்டேஷன்ல எனக்கு முன்னாடி வேர்க்கடலை பயிர் போடுறவங்க நாலு பேர், காட்டுப்பன்னி வெரட்டுற நீட்டுத் துப்பாக்கியை வாங்கிக்க நின்னுகினு இருந்தாங்க. இந்த வாட்டி ஒவ்வொண்ணோட பேரலையும், அதான் குண்டு வெளிய வர்ற குழாயை, அளந்து, லைசென்ஸோட ஒத்துப் பார்த்துக் குடுக்கணும்னு உத்தரவாம். ரைட்டர் பக்தவத்சலம் ஒரு வெளக்குமாத்துக் குச்சியை வாய்ப்பக்கமா உள்ள வுட்டு, முட்டுற எடம் வரைக்கும் தள்ளி, வெளிய எடுத்து ஸ்கேல்ல வச்சுப் பார்த்தான். நீட்டுத் துப்பாக்கிக்கு அது சரி.

அதே குச்சியை என் ரிவால்வர்லயும் வுட்டான்.

"இன்னாய்யா இது, லைசென்ஸ்ல பேரல் மூணு இஞ்ச்னு கீது. இங்க நாலரை வருது?"

"சார், அது பேரல் இல்ல. குச்சி பேரலைத் தாண்டி, குண்டு போடுற சிலிண்டருக்குள்ள பூந்து, பின்னாடி போய் முட்டுது. ரிவால்வருக்கு சிலிண்டரைச் சேர்க்கக் கூடாது. சிலிண்டருக்கு முன்னாடி மயிரிழை சந்து ஒண்ணு தெரியுது பாருங்க, பேரல் அங்கியே முடிஞ்சிடுது. வாய்லேர்ந்து அதுவரைக்கும் ஸ்கேலை வச்சாப் போதும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? பதினஞ்சு வருசமா அளந்துகினு இருக்கேன்."

"நம்பரைப் பாருங்க சார். அது ஒத்துப் போவுதில்ல?"

"நம்பர் பாடியில கீது. பேரலை மட்டும் கழட்டிட்டு நீளமா வேற மாட்டிட்டே. ரிப்பேர் தெரிஞ்சவன்தானே நீ. கேஸு எழுதினா லைசென்ஸும் போவும், நீயும் உள்ள போவே."

வரிசையில நின்ன நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஒடம்பெல்லாம் எனக்குப் பத்திக்கினு எரிஞ்சது. ரெண்டு மாசமா அவன் பீரோவுல பூட்டி வச்ச துப்பாக்கியை நான் எப்போ போய்க் கழட்டினேன்? கேட்டேன். ஒப்படைக்கிறதுக்கு முன்னாடியே மாத்தியிருப்பேன்னான். அந்த மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் புடிக்கல.

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் காயத்ரி மேடம் உள்ளேர்ந்து வந்தாங்க. நான் வெளக்கம் எதுவும் சொல்லல.

"மேடம், ஸ்டேஷன் ரிவால்வர் ஒண்ணைக் கொண்டாரச் சொல்லுங்க. ரிஜிஸ்டர்ல அதுக்கு எவ்ளோன்னு பாருங்க. அப்புறம் இதே குச்சியால அதை இவரையே அளக்கச் சொல்லுங்க."

மேடமே ஒண்ணை எடுத்துவந்து, குண்டையெல்லாம் எடுத்துட்டு நீட்டினாங்க. ரிஜிஸ்டர்ல நாலு இஞ்ச். பக்தவத்சலம் குச்சியை வுட்டு எடுத்து ஸ்கேல்ல வச்சான். அஞ்சரைக்கு மேல வந்துச்சு. மறுபடியும் அளந்தான். மறுபடியும் அதேதான்.

"இதையும் நான்தான் வந்து மாத்தினேனா சார்?"

மேடம் ஸ்கேலைப் புடுங்கி, வாய்லேர்ந்து சந்து வரைக்கும் என் ரிவால்வரை அளந்தாங்க. மூணு இஞ்ச். "எழுதிக் குடுத்து அனுப்புய்யா"ன்னாங்க.

முன்னாடி எழுதியிருந்த நாலரையை அடிச்சிட்டு மூணுன்னு எழுதினான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வரல. துப்பாக்கியையும் தோட்டா டப்பாவையும் என் பக்கம் தள்ளிட்டு இளிச்சான்.

"ஒண்ணரை இஞ்ச் விஷயம். இதுக்குப் போயி இவ்ளோ கோவமா?"

கையெழுத்துப் போட்டேன். துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கினு, டப்பாவை அவன் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"தோட்டா இங்கியே இருக்கட்டும். காலைல ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்."

"ஏன், இப்பவே எடுத்துக்கினு போயேன்."

"கோவம் இன்னும் எறங்கல சார். எறங்காம தோட்டாவைக் கையில வாங்க மாட்டேன்."

அவன் இளிப்பு நின்னுபோச்சு. மேடம் டப்பாவை எடுத்துத் தன் மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டினாங்க. "ஏழு மணிக்கு நானே இருக்கேன், வாங்க"ன்னு சொன்னாங்க. நான் வெறும் துப்பாக்கியோட வூட்டுக்குக் கிளம்பினேன்.