கப்பல் கண்ணு

ரோச் சித்தப்பா எலிக்கூண்டை மேசைமேல் வைத்தார்.

“ஏளா ஸ்டெபி, நீ தந்த ஜோடி ரெண்டும் கருப்பு. குட்டியில ரெண்டு சந்தன நிறம். கண்ணும் வெளுத்திருக்கு. பெட்டை எங்கனயோ போயிட்டு வந்திருக்கு.”

திரேஸ்புரத்தில் வளர்ப்பு எலிகளை இனம் பார்த்துச் சேர்த்து விற்பவள் ஸ்டெபி.

“எங்கயும் போகல சித்தப்பா.”

“உங்க வீட்டு எலில்லா. கப்பல் வந்து போயிருக்கும்.” சிரித்தார்.

குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா பிளாரன்ஸின் கை நின்றது.

ஸ்டெபிக்குப் பூனைக்கண். அம்மாவுக்கும், மாலத்தீவுக்குத் தோணியில் போகிற அப்பா பாஸ்கலுக்கும் கருங்கண். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஸ்டெபிக்குக் ‘கப்பல் கண்ணு’ என்று பெயர். கப்பலில் வந்த எவனோ கொடுத்த கண் என்று துறைமுக ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிளாரன்ஸ் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

“ஆணை விட்டுட்டுப் போங்க. என்கிட்ட சந்தன நிறப் பெட்டை இருக்கு. சேர்த்து விடுதேன்.”

“சந்தேகம் பெட்டை மேல. ஆண எதுக்குளா சோதிக்க?”

“எல்லாரும் அப்படித்தான் ஆண விட்டுருதாங்க. அந்த நிறம் தாய்கிட்ட ஒரு பங்கு, தகப்பன்கிட்ட ஒரு பங்கு வாங்குனாத்தான் வெளியே தெரியும். ஒரு பங்கு மட்டும்னா கருப்புக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும். உங்க ஆணுக்குள்ள அது இருந்தா, குட்டியில பாதி வெளுத்து வரும். இல்லன்னா அத்தனையும் கருப்பு. அப்படி வந்தா நீங்க சொன்னதுதான். நான் எலி வளக்கிறதையே விட்டுருதேன்.”

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சந்தன நிறப் பெட்டைக்குக் குட்டிகள் பிறந்தன. முடி முளைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கருங்கண் என்றால் மூடிய இமைக்கு அடியிலேயே கருப்பாகத் தெரியும். ஸ்டெபி ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். சிலவற்றில் கரும்புள்ளி. சிலவற்றில் இல்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

ரோச் வந்து பார்த்தார். நிமிர்ந்துகொண்டார்.

பிளாரன்ஸ் ஈரக்கையோடு வந்தாள். எலிக்கூண்டுப் பக்கம் அவள் வந்ததே இல்லை.

“நல்லாக் குனிஞ்சு பாரு, ரோச்.”

“பாத்துட்டேன் மதினி.”

“உங்க அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லு.”

“எலி குட்டி போட்டதையா?”

“ஆணுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தத.”

“மனுசக் கண்ணு இவ்வளவு லேசான கணக்கு இல்லம்மா,” என்றாள் ஸ்டெபி. “ஆனா ரெண்டு கருங்கண்ணுக்கு வெளுத்த கண்ணு பிறக்கும்.”

“எனக்குத் தெரியும்ளா. நான்தான பெத்தேன்.”

ரோச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பிளாரன்ஸ் நகரவில்லை.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றாள்.