நாலாம் நம்பர் காம்பரா

கந்தப்பனுக்கு அந்த வாரம் இரண்டு உத்தரவுகள் வந்தன. இரண்டையும் படித்துச் சொன்னவர் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் கணேசமூர்த்திதான். முதலாவது தோட்டத்தை நடத்தும் துரையுடையது. மழையில் சுவர் வெடித்துப்போன, பன்னிரண்டு குடும்பம் வரிசையாகக் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லயத்தைப் புதன்கிழமைக்குள் பிரித்துப்போட வேண்டும், அதே இடத்தில் புது லயம் எழும்பும். இரண்டாவது அரசாங்கக் கடிதம். அவன் போட்டிருந்த இலங்கைப் பிரஜாவுரிமை மனுவை விசாரிக்க வியாழக்கிழமை ஓர் அதிகாரி வருவார், மனுக்காரன் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறானா என்று பார்ப்பார்.

மனுவில் எழுதியிருந்த விலாசம், ஏழாம் நம்பர் லயம், நாலாம் நம்பர் காம்பரா.

புதன்கிழமை வீட்டை வெட்டிப்போட வேண்டும், வியாழக்கிழமை அதே வீட்டில் குடியிருப்பதாகக் காட்ட வேண்டும். கந்தப்பன் தலையைச் சொறிந்தான். அவன் இடத்தில் யார் இருந்தாலும் சொறிந்திருப்பார்கள்.

"ஐயா, அவரு வந்துட்டுப் போன பொறகு வெட்டலாங்களா?"

"மேசன் வெள்ளிக்கெழம வந்துருவான். மிசின் வாளு வேற பக்கத்துத் தோட்டத்துக்குப் போவணும். வீட்டையெல்லாம் யாரும் வந்து பாக்க மாட்டாங்கப்பா. ஆபீஸ்ல ஒக்காந்து ரெண்டு கேள்வி கேப்பாங்க, அவ்வளவுதான். நீ வெட்டு."

கணேசமூர்த்தி நல்ல மனுசர். ஆனால் தனக்குத் தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. கந்தப்பனோ அந்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன், அவன் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான் பிறந்தன. ஓட்டு இல்லை, எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இல்லை. மனு தள்ளுபடியானால், கண்ணால் பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பல் ஏறச் சொல்வார்களோ என்ற பயம் அவனை உண்மையாகவே அரித்தது.

இருந்தும் வெட்டினான். காட்டு மரம் தறிக்கவென்று வந்திருந்த அந்த மிசின் வாளை இழுத்துக் கிளப்பத் தெரிந்தவன் தோட்டத்திலேயே அவன் ஒருத்தன்தான். பெற்றோல் குடிக்கும் எஞ்சினை அவன் பிடிக்க, சங்கிலி ஓடும் நீளப் பலகையின் மறுமுனையைக் கூட வேலை செய்யும் ஆண்டியப்பன் பிடிப்பான். வீட்டு மரத்தில் ஆணி இருக்கும், சங்கிலிப் பல் அதில் பட்டால் நெருப்புப் பறந்து பல் போய்விடும். அதனால் பெண்கள் முன்னே போய் ஆணிகளைப் பிடுங்க, ஆண்கள் பின்னே போய் வெட்டினார்கள். தன் வீட்டு உத்தரத்து ஆணிகளைக் கந்தப்பன் பெண்சாதி காளியாயியே பிடுங்கினாள். புருசன் வெட்டுவதற்கு வசதி செய்துகொடுக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"என்னாங்க, வாசக்கால மட்டும் துண்டு போட்றாதீங்க. புது வீட்டுக்கு வச்சுக்கலாம்."

கந்தப்பன் அடிக்கட்டையோடு சேர்த்து அறுத்து, நிலையையும் கதவையும் முழுசாகக் கழற்றிச் சாய்த்து வைத்தான். கதவில் வெள்ளைப் பெயின்ற்றில் 4 என்று எழுதியிருந்தது. புதன்கிழமை சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு குடும்பமும் சட்டிபானையோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன.

வியாழக்கிழமை காலையில் உத்தரங்களை விறகுக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பன் திடீரென்று கையை எடுத்துவிட்டுப் பாதையைக் காட்டினான். கசாயம் குடித்த முகத்தோடு கணேசமூர்த்தி வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் கோப்பும் கையுமாக அதிகாரி. கந்தப்பன் எஞ்சினை நிறுத்தினான். சத்தம் நின்றதே தவிர காதுக்குள் அது நிற்கவில்லை.

அதிகாரி சிங்களத்தில் கேட்க, கிளாக்கர் தமிழில் சொன்னார்.

"ஒன் வீடு எதுன்னு கேக்குறாரு."

கந்தப்பன் அடுப்புக் கல் மட்டும் மிஞ்சிய வெறும் தரையைக் காட்டினான். "இதுதாங்க."

"யாரு ஒடச்சதுன்னு கேக்குறாரு."

"நாந்தாங்க." மூன்று நாளில் பன்னிரண்டு காம்பரா என்ற பெருமையும் அந்தப் பதிலில் கொஞ்சம் கலந்திருந்தது. ஐயோ பாவம்.

கிளாக்கர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். மனுக்காரனே சொல்லட்டும் என்று அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நெரந்தரமா இருக்க நெனக்கிற ஆளு, தன் வீட்டத் தானே வெட்டுவானான்னு கேக்குறாருப்பா."

கந்தப்பன் யோசித்தான். வெட்டுவானா? மாட்டான்தானே? ஆனால் இவன் வெட்டியிருக்கிறான். அப்படியென்றால் இவன் இருக்க நினைக்காதவனா? துரை சொல்லித்தான் வெட்டினேன் என்றால், துரை போகச் சொன்னால் போய்விடுவாயா என்று அடுத்த கேள்வி வருமோ? காதுக்குள் வாள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் முதல் வளைவைத் தாண்டியபோதுதான் கந்தப்பனுக்குப் பதில் கிடைத்தது. அட, புது வீடு கட்டத்தானே பழசை வெட்டினேன்! வாளை ஆண்டியப்பன் காலடியில் போட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினான். ஜீப் போகும் பூண்டுலோயாப் பாதை ஐந்து வளைவு வளைந்து போகும், கொழுந்து எடுக்கிறவர்களின் குறுக்குப் பாதை நேரே பாலத்துக்கு இறங்கும். முழங்கை கிழிய ஓடிப்போய்ப் பாலத்தின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"மாத்தயா! அலுத் கேயக்! மெதனமய்!"

புது வீடு ஐயா, இதே இடத்தில்தான். கடைத்தெருவில் பழகிய அந்தச் சிங்களம் போதுமாக இருந்தது. அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். முடிவு வந்தால் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்டார். பழைய விலாசமேதான் என்றான் கந்தப்பன். அவர் கோப்பைத் திறந்து இரண்டு வரி எழுதினார். அந்த எழுத்துக் கூட்டத்தில் 7-உம் 4-உம் மட்டும் அவனுக்குத் தெரிந்தன. அவை நல்லதுக்கு எழுதப்பட்டவையா, கெட்டதுக்கா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் ஜீப் போய்விட்டது.

மேலே வந்தவன் நேரே தன் காம்பரா இருந்த இடத்துக்குப் போனான். அடுப்புக் கல்லுக்கு முன்னால் இரண்டு குழி தோண்டி, சாய்த்து வைத்திருந்த நிலையைத் தூக்கி நட்டு, கல்லை இறுக்கினான். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் 4 என்று எழுதிய கதவு மட்டும் நின்றது.

"கடுதாசி ஆபீசுக்குத்தானே வரும். கதவு எதுக்குங்க?" என்றாள் காளியாயி.

"மறுபடி யாராச்சும் பாக்க வந்தா?"

அவளுக்கு அடுப்புக் கல்லோரம் மறந்து கிடந்த அகப்பையை எடுக்க வேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போகலாம், நாலு பக்கமும் வெட்டவெளிதான். காளியாயி கதவைத் தள்ளி, நிலை தலையில் இடிக்காமல் எப்போதும்போலக் குனிந்து, உள்ளே போனாள்.