தொட்டிலுக்கு மேல் ஒரு மரப்பறவை

பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பிய மகள், தொட்டில் கட்டிய அறைக்குள் போய் உட்கார்ந்தவள்தான், வெளியே வரவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு போன மாதிரியே திரும்பி வந்துகொண்டிருந்தது. மருமகன் கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். கடைசியில் மாமனாரின் தச்சுப் பட்டறைக்கு வந்து நின்றான்.

"மாமா, தொட்டிலுக்கு மேல தொங்குற அந்தப் பறவையவே பாத்துட்டு உக்காந்திருக்கா, நீங்கதான் வந்து கழட்டணும். நான் கைய வச்சா கத்துறா."

தச்சர் உளியைக் கீழே வைத்தார். அந்தப் பறவையைச் செய்து கட்டியவரே அவர்தான்.

அதற்கு ஆணி கிடையாது, பசை கிடையாது. ஈரம் காயாத கட்டையில் ஒரு முனையைத் தலையும் உடம்புமாகச் செதுக்கி, மறுமுனையைக் கத்தியால் காகிதக் கனத்துக்குச் சீவிச் சீவிப் பிளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சீவலையும் விசிறி மாதிரி விரித்து, பக்கத்துச் சீவலோடு கோத்துவிட்டால் சிறகு. அவசரப்பட்டால் போச்சு, ஓர் இறகு ஒடிந்தாலும் கட்டை அடுப்புக்குத்தான். பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலுக்கு மேலே, காவலுக்கென்று நூலில் தொங்கவிடுவார்கள்.

விற்பதற்கு ஒரு பேச்சும் வைத்திருந்தார் மனுஷன். "கீழ பிள்ள மூச்சு விட விட, மேல இது சுத்தும்" என்பார். வாங்க வந்தவர்கள் உருகிப்போவார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்புச் சூட்டில் காற்று மேலே எழும், கனமில்லாத பறவை சுற்றும், அவ்வளவுதான் சங்கதி. அதைச் சொன்னால் யார் வாங்குவார்கள்? ஆனால் பட்டறை மூலையில் மரச்சுருளை வைத்து விளையாடிக்கொண்டே இந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிற ஒருத்தி இருக்கிறாளே என்று அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

வழக்கமாகக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் கட்டுவார்கள். இவள் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போதே கேட்டாள். முந்தைய இரண்டும் தங்கவில்லை என்ற பயம் அவளுக்கு. பெற்ற மனம், மறுக்க முடியாமல் கட்டிக்கொடுத்துவிட்டார்.

அறைக்குள் போனார். மகள் வெறும் தொட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பறவை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாம வாங்கப்பா. பாருங்க, மூச்சு விடுது."

உண்மையைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தார் பாவம்.

"அது மூச்சு இல்லம்மா. நீ பக்கத்துல உக்காந்திருக்கல்ல, உன் உடம்புச் சூட்டுக்குச் சுத்துது. மத்ததெல்லாம் அப்பா வியாபாரத்துக்குச் சொன்னது."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போய், அறையின் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவரையும் வெளியே வரச் சொன்னாள். பறவை இன்னும் கொஞ்சம் சுற்றியது. வேகம் குறைந்தது. நின்றுவிட்டது.

மருமகன் ஓடிப்போய்த் தட்டோடு வந்தான். மறுபேச்சு இல்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள். அவன் மாமனாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கை கழுவிவிட்டு வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் குழந்த ஆஸ்பத்திரில சாகலப்பா," என்றாள். "இப்பதான் செத்துச்சு."