மஞ்சூர் மலைச்சாலையில் இருவகைச் சுருள்வில்கள்

மோட்டார் வண்டியின் முன் சக்கரங்களைத் தாங்கும் சுருள்வில் அமைப்பு இருவகைப்படும். முதல் வகையில் சுருள்வில், இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே வெளியே தெரியும்படி நிற்கும். இரண்டாம் வகையில் அஃது எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் அடைபட்டிருக்கும். முன்னது சற்றே முரடு, பின்னது மிருது.

தேயிலை விலை சரிந்திருந்த 1935ஆம் ஆண்டில், மஞ்சூருக்கு மேலிருந்த ஒரு தோட்டத்தில் இவ்விருவகை வண்டிகளும் இருந்தன. இரண்டிலும் ஏறி மலைச்சாலையில் இறங்கிப் பார்த்தபின் ஒன்றை விற்றுவிடுவதெனத் தோட்டத்து முதலாளி ஹெர்பர்ட் துரை முடிவு செய்தார். விற்கப்படும் வண்டியின் டிரைவர் வேலையையும் தோட்டத்து வீட்டையும் இழப்பான். முதல் வண்டியை ஓட்டியவன் தங்கமணி. இரண்டாவதை ஓட்டிய வடிவேலின் மனைவி அருக்காணிக்கு அது நிறைமாதம்.

வடிவேலின் வண்டியில் உருளை கசிந்தது. அதற்குரிய மெல்லிய எண்ணெய் சீமையிலிருந்து வருவது நின்றுபோயிருந்தது. கெட்டி எண்ணெய் கசியாது என்று கருதிய அவன், தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தின் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் எண்ணெயை, துரை ஏறிப் பார்க்கவிருந்த நாளுக்கு முந்திய மாலை அதில் நிரப்பினான். தொழிற்சாலையின் வெப்பத்தில் அந்த எண்ணெய் நன்றாகவே இளகி ஓடியது.

மறுநாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி. துரை முதலில் தங்கமணியோடு போய் வந்தார். பிறகு வடிவேலின் பக்கத்தில் ஏறினார்.

"ஏனுங்க வடிவேலண்ணா, மெத்தை வண்டிங்களாமே. துரை தூங்கி உழுந்துறப் போறாருங்க," என்ற தங்கமணி, தன் வண்டியில் பின்தொடர்ந்தான்.

முதல் வளைவிலேயே வடிவேலுக்குத் தெரிந்துவிட்டது. குளிரில் எண்ணெய் இறுகிச் சுருள்வில் அசைய மறுத்தது. குழிதோறும் சக்கரம் தரையைவிட்டு எழும்பிற்று. எழும்பிய கணங்களில் ஸ்டீயரிங் எதையும் திருப்பவில்லை. இடப்புறம் பள்ளம்.

"பயமா, வடிவேல்? மெல்லப் போறே," என்றார் துரை.

"இல்லீங்க துரை."

அடுத்த வளைவில் வண்டி தானே விளிம்பை நோக்கி நகர்ந்தது. ஓரத்துக் கல்லொன்று பெயர்ந்து பனிமூட்டத்துள் வீழ்ந்தது. அது தரையைத் தொட்ட ஓசை கேட்கவேயில்லை. வடிவேல் பிரேக்கை முழுவதும் அழுத்தினான்.

"எறங்கிக்கங்க துரை. ஸ்பிரிங் வேலை செய்யலீங்க."

துரை இறங்கிப் பின்னால் நின்ற வண்டிக்கு நடந்தார். தங்கமணியை இறக்கிவிட்டு அவன் வண்டியைத் தாமே ஓட்டிச் சென்றார்.

"வெயில் வரட்டுங்கண்ணா, எண்ணெய் எளகிரும். இப்ப வண்டிய எறக்காதீங்க," என்றான் தங்கமணி.

வெயில் வந்தது. தங்கமணி மட்கார்டை அழுத்தினான். வண்டியின் முகம் மெத்தென இறங்கி எழுந்தது. துரை திரும்பி வரவில்லை.

"ஊட்டுல என்னன்னு சொல்றது, தங்கமணி?"

தங்கமணி வண்டியின் முன்னால் குனிந்து, கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பினான்.