சிரிச்ச மூஞ்சி எழுத்து

அன்பரசன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் லேபிள் டிசைன் செய்கிறவன். அவன் மனைவி பாண்டிமீனா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். பசையும் பிரஷ்ஷுமாகவே இருந்த கை. ஒருநாள் மகள் ஹர்ஷினிக்கு விளையாட்டுக் காட்ட, அந்தப் பிரஷ்ஷை மையில் முக்கி அட்டையில் பிள்ளையின் பெயரை எழுதினாள். ஒரு எழுத்து குதித்தது, ஒன்று சாய்ந்து படுத்தது, ஒன்று தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றது. அன்பரசனுக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. எல்லா எழுத்தையும் எழுத வைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபான்ட் ஆக்கிவிட்டான்.

அதற்கப்புறம் அந்த எழுத்து போகாத இடமில்லை. பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டி, காதுகுத்து பேனர், ஜிகர்தண்டா கடை. வேலைக்குப் போகிற வேன் ஜன்னலில் கண்ணில் பட்டால் போதும், பாண்டிமீனா கூட வருகிறவர்களின் காது புளிக்கும்வரை சொல்வாள்: "அந்தா பாருங்க, ஏங் கையி!"

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏங்க, கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் இத வச்சிறாதீக. சிரிச்ச மூஞ்சி எழுத்து. சாவு வீட்டுல போயி பல்லக் காட்டிக்கிட்டு நிக்கும்."

எவ்வளவு பெரிய மனிதர் வீட்டுச் சாவானாலும் அன்பரசன் அதைத் தொடவில்லை. ஆனால் பெருமை தாங்காமல் சாத்தூரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் சிநேகிதன் வேலுச்சாமிக்கு ஃபான்ட்டைக் கொடுத்தபோது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டான்.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் கம்பெனி வெடித்தது. உராய்வு என்று பேப்பரில் போட்டார்கள். உராய்வாம்! ஆர்டர் அவசரத்துக்கு அறை கொள்ளாமல் ஆளை அடைத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. பாண்டிமீனாவைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். பிள்ளைக்கு முகம் காட்டவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது தெருமுக்கில் பேனர் நின்றது. அவள் போட்டோ. கீழே 'கண்ணீர் அஞ்சலி', அவள் பெயர், எல்லாம் அவள் எழுத்திலேயே. குதித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

வேலுச்சாமி ஓடி வந்து கையைப் பிடித்தான். "மாப்ள, தங்கச்சி எழுத்துலயே போட்டாத்தான் அதுக்கு மரியாதைன்னு நெனச்சேன்."

அன்பால் செய்தவனை அடிக்கவா முடியும்? அன்பரசன் பிளேடு கேட்டு வாங்கி, ஒரு பக்கக் கயிற்றை அறுத்தான். பேனர் சரிந்து தொங்கியது.

அதற்குள் ஹர்ஷினி வீட்டிலிருந்து ஓடி வந்தாள். தாழ்ந்து தொங்கிய எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"அப்பா, அம்மா எழுத்துப்பா! அம்மா எப்பப்பா வந்து எழுதுச்சு?"

அன்பரசனுக்கு அழுகை வந்தது. பிளேடைக் கீழே போட்டான். அறுத்த கயிற்றை எடுத்து, பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி தாழ்த்திக் கட்டினான்.